பூனையின் புண்ணும் அரை மாத்திரையும்

இலக்கியப் பகுதியில் பூனையின் புண்ணைப் பற்றி எழுதுவதா என்று அன்பர்கள் சிலர் முகஞ் சுளிக்கக்கூடும். ஆயினும் பூனை நம் இலக்கியத்துக்குப் புதிய விருந்தாளி அன்று. சங்கப் புலவர்கள் காட்டுப் பூனையை வெருகு என்றழைத்தனர். அதன் கூரிய பல்லில் முல்லை அரும்பைக் கண்டனர். கவிச்சக்கரவர்த்தி கம்பரோ, பாற்கடல் முழுவதையும் நக்கிக் குடிக்கப் புகுந்த பூனையைத் தமக்கே உவமையாக்கி அவையடக்கம் கூறினார். பல்லையும் ஆசையையும் பாடிய மரபில் வந்த நாம், அதன் புண்ணைப் பற்றிச் சிறிது சிந்திப்பதில் இழுக்கொன்றுமில்லை. மேலும், நான் கூறப் போகும் செய்தி பூனையோடு முடிந்துவிடுவதும் அன்று. அது நம் வீட்டு அடுப்படியில் தொடங்கி, நம் பிள்ளைகளின் உடல் நலத்தில் சென்று முடிகிறது.

ராகலைப் பக்கத்துத் தோட்டங்களில் பூனை வளராத லயம் அரிது. உருளைக்கிழங்கு மூட்டையும், மாதக் கடைசி வரை வர வேண்டிய அரிசியும், ரொட்டிக்கான கோதுமை மாவும் ஒரே காம்பராவுக்குள் இருக்கின்றன. அவற்றை எலியிடமிருந்து காப்பது பூனை. பட்டணத்து மாளிகைகளில் அது மடியில் உறங்கும் செல்லப் பிராணியாக இருக்கலாம். இங்கே அது சம்பளமில்லாத காவற்காரன். பனி இறங்கும் மாலையில் அடுப்பின் சாம்பலோரம் சுருண்டு கிடக்கும். இரவில் பிள்ளைகளின் கம்பளிக்குள் புகுந்துகொள்ளும். மனிதரும் பூனையும் ஒரே மூச்சுக் காற்றை விடும் அந்தச் சிறு அறையை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். என் வாதம் முழுவதும் அந்த அறையின் மீதே நிற்கிறது.

அந்தக் காவற்காரனின் கழுத்திலோ காதோரத்திலோ ஒரு புண் தோன்றுகிறது. மயிர் கொட்டி, பொருக்குத் தட்டி, அடியில் சீழ் கசிகிறது. சில நாளில் ஆறினாற்போல் தோன்றி, மீண்டும் வெடிக்கிறது. இம்மாதிரி மாதக் கணக்கில் நீளும் புண்ணுக்கு நம்மவர்கள் செய்வன மூன்று. முதலாவது பூச்சு: மண்ணெண்ணெய், வேப்பெண்ணெய், டெட்டோல், சில வேளைகளில் வண்டியிலிருந்து வடித்த கறுப்பு எண்ணெய். இரண்டாவது மாத்திரை: வீட்டில் யாருக்கோ காய்ச்சல் வந்தபோது வாங்கி மிஞ்சிய அமொக்சிசிலின் குளிசையைப் பிரித்து, ஒரு சிட்டிகைத் தூளைச் சோற்றில் கலந்து வைப்பது. மூன்றாவது சாக்கு: இரண்டும் பலிக்காதபோது பூனையைச் சாக்கிற் கட்டிக் கொண்டுபோய்த் தொலைவிலுள்ள தேயிலை மலையில் விட்டுவிடுவது. இம்மூன்றையும் செய்பவர்கள் கொடியவர்கள் அல்லர். வேறு வழியைச் சொல்லித்தர ஆளில்லாதவர்கள்.

புண் என்பது நோயின் முகவரி

திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில், நோய் இன்னதென்று துணிந்து, அதன் முதற் காரணத்தை நாடி, அதைத் தணிக்கும் வழியைக் கண்டு, அதற்குப் பின்னரே செயலில் இறங்க வேண்டும் என்கிறார். இரண்டாயிரம் ஆண்டுகளாக நாம் மனப்பாடம் செய்துவரும் இந்த ஒழுங்கை நடைமுறையில் தலைகீழாக்கியிருக்கிறோம். மருந்தை முதலிலும், நோயை அடுத்தும், காரணத்தைக் கடைசியிலும் தேடுகிறோம். பூனையின் ஆறாப் புண் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

சீழ் பிடித்த புண்ணில் கிருமி இருக்கிறது என்பது மெய். அந்தக் கிருமிகளில் முதன்மையானவை ஸ்டெபிலோகொக்கஸ் என்ற இனத்தைச் சேர்ந்தவை. ஸ்கொத்லாந்து நாட்டின் அபர்டீன் நகரத்து அறுவை வைத்தியர் அலெக்சாந்தர் ஒக்ஸ்டன் 1880-ஆம் ஆண்டை அடுத்து, சீழை நுணுக்குக்காட்டியில் நோக்கி, உருண்டை உருண்டையாகக் கொத்துக் கட்டி நின்ற இவற்றைக் கண்டார்; திராட்சைக் குலையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லால் 1882-இல் பெயரிட்டார். பூனைகளில் காணப்படும் ஒரு வகைக்கு 1989-இல் ஸ்டெபிலோகொக்கஸ் பெலிஸ் என்று பெயர் சூட்டப்பட்டது. மனிதரின் மூக்கிலும் தோலிலும் வாழும் ஓரியஸ் என்ற வகையும், நாயின் உடலில் மிகுதியாக வாழும் சூடின்டர்மீடியஸ் என்ற வகையும் பூனையின் புண்ணில் காணப்படுவதுண்டு.

இங்கே கவனிக்க வேண்டியது, இக்கிருமிகளிற் பல நலமான தோலிலும் குடியிருக்கின்றன என்பது. தோல் உறுதியாயிருக்கும் வரை அவை சும்மா இருக்கின்றன. தோல் கிழிந்தாலோ, சொறிந்து புண்ணானாலோ, உடலின் எதிர்ப்புச் சக்தி தளர்ந்தாலோதான் தீங்கு செய்யத் தலைப்படுகின்றன. ஆகவே பூனையின் தோலில் தொடர்ந்து சீழ் பிடிக்கிறதென்றால், கிருமிக்கு முன்னால் வேறொன்று வந்து கதவைத் திறந்திருக்கிறது என்பது பொருள். திறந்தவன் யார் என்று கேளாமல், உள்ளே வந்தவனை மட்டும் அடித்து விரட்டினால், கதவு திறந்தபடியே கிடக்கும். நாளை இன்னொருவன் வருவான்.

கதவைத் திறப்பவர்கள் பலர். முதலில் ஐயுறத் தக்கது தெள்ளுப்பூச்சி. அதன் எச்சில் சில பூனைகளுக்கு ஒவ்வாது. முதுகிலும் கழுத்திலும் தினை அரிசி போன்ற சிறு பொருக்குகள் எழும். வயிற்று மயிரைப் பூனை தானே நக்கி உதிர்த்துவிடும். அடுத்தது சொறிப் பூச்சி. நொட்டோட்ரஸ் என்பது அதன் பெயர். காதின் விளிம்பில் தொடங்கி, முகத்துக்கும் கழுத்துக்கும் பரவி, தோலைத் தடிப்பாக்கி, பூனையை இரவும் பகலும் சொறியச் செய்யும். மூன்றாவது, மைக்ரோஸ்போரம் கேனிஸ் என்னும் பூஞ்சணம் உண்டாக்கும் படை. இது பிள்ளைகளின் தலையிலும் கையிலும் வட்ட வட்டமாகத் தொற்றும். நான்காவது, கடுவன் பூனைகளின் சண்டை. கடித்த பல்லின் வழியே பாஸ்டுரெல்லா முதலிய வாய்க் கிருமிகள் உள்ளே போய்த் தங்க, மேலே தோல் மூடிக்கொள்ள, சில நாளில் அது சீழ்க் கட்டியாகிறது. இவற்றோடு உணவு ஒவ்வாமை முதலிய பிற காரணங்களும் உண்டு.

இவை யாவற்றுக்கும் பின்னால் இன்னுமொரு காரணம் மறைந்திருக்கலாம். கலிபோர்னியாவிலுள்ள பெற்றலூமா என்னுமிடத்தில் நோயுற்ற பூனைக் கூட்டமொன்றை ஆராய்ந்த நீல்ஸ் பெடர்சனும் ஜெனற் யமமொட்டோவும் 1986-இல் ஒரு வைரஸைக் கண்டுபிடித்தனர். அது பூனையின் எதிர்ப்புச் சக்தியை மெல்ல மெல்லக் கரைக்கிறது, பெரும்பாலும் கடியினாற் பரவுகிறது, மனிதருக்குத் தொற்றுவதில்லை. சண்டைக்காரக் கடுவனுக்கு எந்தப் புண்ணும் ஆறவில்லை என்றால் இதையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

கண்டறிவது கடினமா?

இத்தனை காரணங்களைப் பிரித்தறிவதற்குப் பெரிய ஆய்வுகூடம் வேண்டுமே, மலையுச்சியில் அதற்கு எங்கே போவது என்று கேட்கலாம். பெரும்பாலான நோய்களுக்கு அவ்வாறு ஒன்றும் வேண்டியதில்லை. கண்டறியும் முறைகளின் எளிமையை எடுத்துக்காட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கங்களுள் ஒன்று.

தெள்ளுப்பூச்சியைக் கண்டறிய நெருக்கமான பற்களையுடைய பேன்சீப்பு ஒன்று போதும். பூனையின் முதுகை வாரி, வந்த கரும்பொடியை ஈரமான வெள்ளைத் தாளில் தட்டினால், அது செம்பழுப்பாகக் கரையும். தெள்ளு குடித்து வெளியேற்றிய இரத்தம் அது. சொறிப் பூச்சிக்கு, மழுங்கிய கத்தி விளிம்பில் ஒரு துளி எண்ணெய் தடவி, காதோரத்துப் பொருக்கைச் சுரண்டிக் கண்ணாடித் துண்டில் வைத்துப் பார்க்க வேண்டும். படைக்கு, ரொபர்ட் வுட் என்ற பௌதிக அறிஞரின் பெயரால் வழங்கும் ஊதாக் கதிர் விளக்கு உதவும். இருட்டறையில் பிடித்தால், மைக்ரோஸ்போரம் பற்றிய மயிர்கள் பெரும்பாலும் பச்சை ஆப்பிளின் நிறத்தில் ஒளிரும். ஒளிராததனாலேயே படை இல்லை என்று முடிவு கட்டிவிடலாகாது. மயிரைப் பிடுங்கி வளர்த்துப் பார்க்கும் சோதனை அதற்கு உண்டு.

சீழ் உண்மையிலேயே கிருமியினால் வந்ததா என்பதை அறிய, பொருக்கை நீக்கி, ஈரப் புண்ணின் மேல் கண்ணாடித் துண்டை மெல்ல அழுத்தி எடுத்து, சாயமேற்றி, நுணுக்குக்காட்டியில் நோக்குவார்கள். சில நிமிட வேலை. வெள்ளையணுக்களின் வயிற்றுக்குள் உருண்டைக் கிருமிகள் விழுங்கப்பட்டுக் கிடந்தால் அது மெய்யான தொற்று. கிருமி வெளியே ஒன்றிரண்டு சிதறிக் கிடப்பது மட்டும் சான்றாகாது. கிருமியே இல்லாமல், ஒவ்வாமையில் மிகுந்து தோன்றும் இயோசினோபில் அணுக்கள் நிறைந்திருந்தால், நுண்ணுயிர்க்கொல்லி கொடுப்பது வீண் செலவு. அந்தக் கண்ணாடித் துண்டைப் பாராமல் மாத்திரை கொடுப்பது, கடிதத்தைப் பிரிக்காமலே பதில் எழுதுவதைப் போன்றது.

முறையான மருந்து கொடுத்தும் ஆறாத புண், ஆறி ஆறித் திரும்பும் புண், ஆழத்தில் முடிச்சிட்டுப் பல வாய்களாற் கசியும் புண் ஆகியவையே மேற்சோதனைக்கு உரியவை. அப்போது கிருமியை வளர்த்து, எந்த மருந்துக்கு அது பணியும், எதற்குப் பணியாது என்று பார்க்க வேண்டும். மேற்பரப்பிற் படிந்த சீழைவிட ஆழத்துச் சதைத் துண்டு இதற்கு ஏற்றது. அடிவயிற்றுக் கொழுப்பில் பல துளைகளோடு கசியும் புண், மண்ணிலும் நீரிலும் வாழும் மைக்கோபக்டீரியா வகையினால் வந்ததாக இருக்கலாம். அது சாதாரணச் சாயத்துக்கு எளிதில் பிடிபடாது; காசநோய்க் கிருமியைக் காணப் பயன்படும் சீல்-நீல்சன் சாயம் வேண்டும். அதற்குரிய சிகிச்சையும் மாதக் கணக்கில் நீள்வது. சில வேளைகளில் அறுவையும் தேவைப்படும். ஸ்போரோத்ரிக்ஸ் என்னும் பூஞ்சணமும் இதே வேடத்தில் வரும். பிரேசில் நாட்டின் ரியோ டி ஜெனீரோ நகரில் 1990-களின் பிற்பகுதியிலிருந்து அது பூனையிலிருந்து மனிதருக்குப் பரவிப் பெருந்தொல்லை விளைத்து வருவதை உலகம் அறியும். ஆகையால் கசியும் புண்ணைக் கையுறையின்றித் தொடலாகாது. பூனை கீறினாலும் கடித்தாலும் உடனே சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு நன்றாகக் கழுவி, வைத்தியரிடம் காட்ட வேண்டும். விசர்நோய் ஒழியாத நாட்டில் இது இரட்டிப்பாக அவசியம்.

மருந்தும் நஞ்சும்

இனி சிகிச்சை. பூனைக்கு மருந்து செய்பவர் மறக்கக்கூடாத உண்மை ஒன்றுண்டு: அதன் தோலிற் பூசுவதெல்லாம் அதன் வயிற்றுக்குப் போகும். அது தன்னை ஓயாமல் நக்கித் துப்புரவு செய்யும் பிராணி. அதன் ஈரலோ மனித ஈரலைப் போன்றதன்று. பீனோல் இனத்தைச் சேர்ந்த பொருள்களை மாற்றிக் கழிக்கும் ஆற்றல் அதற்கு மிகக் குறைவு. ஆதலால் நமக்குத் துப்புரவு தரும் டெட்டோல் அதற்கு நஞ்சாகலாம். மண்ணெண்ணெய் தோலைச் சுட்டு, நக்கும்போது நெஞ்சுக்குள்ளும் போகிறது. வேப்பெண்ணெயும் நக்கப்படும்போது தீங்கு செய்யக்கூடும். நாய்க்கென விற்கும் பேர்மெத்ரின் தெள்ளு மருந்து பூனைக்கு வலிப்பை வருவித்துக் கொல்லும். வலிக்கென்று இரக்கப்பட்டுக் கொடுக்கும் பரசிற்றமோல் ஒரு மாத்திரையே பூனையின் உயிரைப் போக்கப் போதுமானது. புண்ணினால் இறந்தது என்று நாம் எண்ணும் பூனைகளில் எத்தனை நம் மருந்தினால் இறந்தனவோ!

முறையான வழி ஆரவாரமில்லாதது. புண்ணைச் சுற்றிய மயிரைக் கத்தரித்து, பொருக்கை வெந்நீரில் ஊறவைத்து நீக்கி, பூனைக்கு ஏற்ற அளவில் கலந்த குளோர்ஹெக்சிடின் கரைசலாற் கழுவி, காயும்வரை நக்க விடாமல் கழுத்துப் பட்டை அணிவிக்க வேண்டும். கண்ணிலும் காதுக்குள்ளும் அது படலாகாது. மேற்றோலோடு நிற்கும் பல புண்களுக்கு இதுவே பெருமளவு பயன் தரும். சண்டைக் கட்டியை வைத்தியர் கீறிச் சீழை வடித்துவிட்டால் பாதி நோய் அங்கேயே தீர்ந்தது. இவற்றின் பின்னரே, வேண்டுமாயின், வாய்வழி மருந்து.

அந்த மருந்தும் தெரிந்து கொடுக்க வேண்டியது. ஸ்டெபிலோகொக்கஸ் கிருமிகளிற் பல, சாதாரண அமொக்சிசிலினை அறுத்தெறியும் நொதியமொன்றைச் சுரக்கின்றன. அதனாலேயே அதனுடன் கிளவுலானிக் அமிலத்தைச் சேர்த்துக் கொடுப்பது வழக்கம். நாம் சோற்றில் தூவும் சிட்டிகைத் தூள் பலிக்காமைக்கு இது ஒரு காரணம். அளவும் காலமும் பிசகுவது இன்னொரு காரணம். பூனையின் எடை மூன்று அல்லது நான்கு கிலோ. அறுபது கிலோ மனிதனுக்கு வகுத்த குளிசையில் கண்ணளவாகக் கிள்ளிய தூள், ஒரு நாள் மிகும், மறுநாள் குறையும். என்ரோபிளொக்சசின் என்னும் மருந்து ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளில் 5 மில்லிகிராமுக்கு மிஞ்சினால் பூனையின் பார்வையைப் பறித்துவிடக்கூடும். டொக்சிசைக்கிளின் மாத்திரையை நீர் ஊட்டாமல் விழுங்கச் செய்தால் தொண்டைக் குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும். எத்தனை நாள் கொடுப்பது என்பதையும் கண்ணுக்குத் தெரியும் புண் தீர்மானிக்கலாகாது. வைத்தியர் குறித்த நாள் வரை கொடுத்து, மீண்டும் காட்டி, அவர் சொன்ன பிறகே நிறுத்த வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, கதவைத் திறந்த காரணத்துக்கு மருந்து செய்ய வேண்டும். தெள்ளை ஒழிக்காமல் சீழை மட்டும் ஆற்றினால், அடுத்த மாதம் அதே புண்ணுக்கு அதே மருந்தைத் தேடி நிற்போம்.

அரை மாத்திரையின் விலை

இப்போது நான் முதலிற் குறிப்பிட்ட காம்பராவுக்குத் திரும்பி வருகிறேன்.

பெனிசிலினை 1928-இல் கண்டறிந்த அலெக்சாந்தர் பிளெமிங், 1945 டிசம்பரில் நோபல் பரிசுச் சொற்பொழிவாற்றுகையில், வெற்றிக் களிப்பின் நடுவே ஓர் எச்சரிக்கையையும் விடுத்தார். கற்பனையான ஒரு மனிதரைப் பற்றிய கதை அது. தொண்டை நோவுக்குத் தானே பெனிசிலின் வாங்கிப் போதிய அளவின்றி உண்கிறார் அவர். கிருமிகள் சாகவில்லை, மருந்தை எதிர்க்கக் கற்றுக்கொள்கின்றன. அவை அவருடைய மனைவிக்குத் தொற்றுகின்றன. மனைவிக்கு மருந்து பலிக்கவில்லை, இறந்துபோகிறாள். அலட்சியம் செய்தவர் கணவர். உயிரைக் கொடுத்தவள் மனைவி. அந்த எச்சரிக்கை வீண்போகவில்லை என்பதைக் காலம் காட்டிவிட்டது. பெனிசிலினை வென்ற ஸ்டெபிலோகொக்கஸை அடக்க 1959-இல் மெதிசிலின் வந்தது. 1961-இலேயே அதையும் எதிர்க்கும் கிருமி இங்கிலாந்தில் கண்டறியப்பட்டது.

பிளெமிங் சொன்ன கதையில் கணவர் இருந்த இடத்தில் நம் வீட்டுப் பூனையை வைத்துப் பாருங்கள். அரை மாத்திரையினால் அதன் தோலிற் பயிற்சி பெற்ற கிருமி, இரவில் அதனோடு கம்பளிக்குள் உறங்கும் குழந்தையின் மூக்குக்கும் கைக்கும் வந்து சேரத் தடை என்ன இருக்கிறது? வளர்ப்புப் பிராணிக்கும் மனிதருக்கும் இடையே இக்கிருமிகள் இருபுறமும் போய்வருகின்றன என்பதை ஆய்வாளர்கள் பல நாடுகளிற் கண்டிருக்கிறார்கள். மனிதரிடமிருந்து பூனைக்குப் போவதும் உண்டு. ஆகவே பழியைப் பூனையின் மேற் சுமத்துவது நியாயமாகாது. கொழுந்து பறிக்கையில் விரலிற் கீறல் விழாத நாளில்லாத ஒரு தாய்க்கும், முழங்காற் சிராய்ப்போடு பள்ளிக்கு வரும் அவள் மகனுக்கும், மருந்துக்குப் பணியாத கிருமி என்றால் என்ன பொருள் என்பதை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை.

நுண்ணுயிர்க்கொல்லிகளை வைத்தியரின் சீட்டின்றி விற்கலாகாது என்பது நம் நாட்டின் விதி. மருந்தை எதிர்க்கும் கிருமிகளைச் சமாளிக்க 2017 முதல் 2022 வரைக்கும் இலங்கை ஒரு தேசியத் திட்டமும் வகுத்தது. விதியும் திட்டமும் கொழும்பில் எழுதப்படுகின்றன. அரை மாத்திரையோ லயத்தின் பரணிற் கிடக்கிறது. இரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தைக் கடப்பதற்கு யார் என்ன செய்தார்கள் என்பதே என் கேள்வி.

மனிதருக்கே வழியில்லாத இடத்தில்

"தோட்டத்து மனிதருக்கே ஒழுங்கான வைத்தியம் இல்லை, நீர் பூனைக்கு வைத்தியம் கேட்கிறீரே!" என்று ஒரு நண்பர் என்னைக் கண்டித்தார். அக்கண்டனத்தில் உண்மை இருக்கிறது. ஆயிரம் ரூபாய் நாட்கூலி என்ற அறிவிப்பைப் பெறுவதற்கே 2021 வரை காத்திருந்த மக்கள் இவர்கள்; அது 1,350 ஆவதற்கு 2024 செப்டெம்பர் வர வேண்டியிருந்தது. ஒரு நாட்கூலியை இழந்து, கந்தப்பளை வழியாக நுவரெலியாவுக்குப் பஸ் ஏறி, அங்கிருந்து எழுபது கிலோமீற்றருக்கு மேற்பட்ட மலைப் பாதையிறங்கிப் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்தியப் போதனா வைத்தியசாலைக்குப் பூனையைத் தூக்கிக்கொண்டு போ என்று எவரிடமும் நான் சொல்லமாட்டேன்.

ஆனால் நண்பரின் கண்டனம் ஓரிடத்தில் இடறுகிறது. மனித வைத்தியமும் பூனை வைத்தியமும் ஒரே பணப் பெட்டியைப் பங்கு போடும் இரு சகோதரர்கள் என்று அவர் எண்ணுகிறார். ஒரே அறையில் ஒரே கிருமியோடு வாழ்பவர்களுக்கு அப்படிப் பங்கு பிரிக்க இயலாது. பூனையின் படை ஆறாவிட்டால் பிள்ளையின் படையும் ஆறாது; பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குக் களிம்பு கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். தவிர, நான் கேட்பது அதிகச் செலவில்லாதது. பசுவுக்குச் சினையூசி போடவும் நோய் பார்க்கவும் அரச மிருக வைத்தியத் துறை தோட்டப்புறங்களுக்கு ஏற்கெனவே வருகிறது. பால் தருவதால் பசுவுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. பூனை காக்கும் அரிசிக்கும் மாவுக்கும் எவரும் கணக்கு வைப்பதில்லை. அவ்வளவுதான் வேறுபாடு.

ஆகவே நான் வேண்டுவன இவை. மாதத்தில் ஒரு நாள், ஞாயிற்றுக்கிழமையாயின் நலம், ராகலை போன்ற மையமான ஊரில் மிருக வைத்தியர் ஒருவர் நுணுக்குக்காட்டியும், சாயக் குப்பிகளும், ஊதாக் கதிர் விளக்கும், எடைத் தராசும் கொண்டு அமர வேண்டும். பெருமளவு நோய்களை அந்த ஒரு மேசையிலேயே கண்டறிந்துவிடலாம். மேற்சோதனைக்குரிய சிலவற்றின் சீழையும் சதையையும் மட்டும் பேராதனைக்கு அனுப்பினால் போதும். பூனையும் போக வேண்டாம், அதன் சொந்தக்காரரும் போக வேண்டாம். அதே நாளில் கருத்தடைச் சத்திர சிகிச்சைக்கும் பெயர் பதிந்துகொள்ளலாம்; கடுவன்களின் சண்டை குறைந்தாற் கட்டிகளும் குறையும்.

இரண்டாவது, மருந்தோடு தரப்படும் குறிப்பு தமிழில் இருக்க வேண்டும். 1987-இல் அரசியலமைப்பின் பதின்மூன்றாவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. சட்டப் புத்தகத்தில் உள்ள அந்த மொழி மருந்துப் போத்தலின் மேல் வந்து ஒட்ட வேண்டாமா? "காலை, மாலை, உணவுக்குப் பின், பத்து நாள், இடையில் நிறுத்த வேண்டாம்" என்ற இத்தனை சொற்களைத் தாய்மொழியில் எழுதிக் கொடுக்காமல், மக்கள் மருந்தை அரைகுறையாகக் கொடுக்கிறார்கள் என்று குறை கூற எவருக்கும் உரிமை இல்லை.

மூன்றாவது கோரிக்கை என் சக ஆசிரியர்களிடம். நம் பாடசாலைகளின் விஞ்ஞான அறைகளில் உள்ள நுணுக்குக்காட்டிகள் பல, பரீட்சைக் காலத்தில் மட்டும் உறை நீக்கப்படுகின்றன. வெங்காயத் தோலை மட்டுமே பார்த்துப் பழகிய மாணவருக்கு ஒரு தெள்ளுப்பூச்சியையும், சுரண்டிய பொருக்கில் நெளியும் சொறிப் பூச்சியையும் ஆசிரியரின் மேற்பார்வையில் காட்டிப் பாருங்கள். நோய்க்குக் காரணம் உண்டு, காரணத்தைக் கண்ணாற் காணலாம் என்ற உண்மை ஒரு பாட வேளையில் விளங்கிவிடும். சீழையும் கிருமியையும் வளர்க்கும் சோதனைகள் ஆய்வுகூடத்துக்கே உரியவை. அவற்றைப் பாடசாலையில் செய்யலாகாது. ஆனால் பூனையின் புண் எந்த நாள் தோன்றியது, எங்கே பரவியது, என்ன பூசினோம், என்ன கொடுத்தோம் என்று ஒரு மாணவி கொப்பியில் எழுதி வைத்தால், மாதமொரு முறை வரும் வைத்தியருக்கு அதைவிடப் பெரிய உதவி கிடையாது. தெளிவாகப் பார்ப்பதும், பார்த்ததைப் பார்த்தபடி எழுதுவதும் இலக்கியப் பயிற்சிக்கும் அடிப்படை அன்றோ?

வள்ளுவர் மருத்துவத்துக்கு நான்கு கூறுகள் வகுத்தார்: நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து பணிவிடை செய்பவன். நம் மலைநாட்டில் முதலாமவன் இருக்கிறான். நான்காமவனும் இருக்கிறான்; தன் கம்பளியிற் பாதியைப் பூனைக்குக் கொடுத்து உறங்கும் குழந்தைக்கு மேற்பட்ட பணிவிடைக்காரர் உலகில் எங்கும் கிடைக்கமாட்டார். நடுவிலுள்ள இரண்டுமே இங்கு வந்து சேரவில்லை. அவ்விரண்டும் வரும்வரை பரணில் உள்ள அரை மாத்திரையை எவரும் சோற்றிற் கலக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். வெந்நீரும், பேன்சீப்பும், பொறுமையும் அதைவிடக் குறைந்த தீங்கே செய்யும்.